ஜாப் கெடுவதற்கு முன்னால் மெஷின் நிற்க வேண்டும்: சிஎன்சி பட்டறையில் அலாரம் அமைக்க ஒரு முழுமையான வழிகாட்டி

தைப்பூச விடுமுறை முடிந்த மறுநாள் காலை. தண்ணீர்மலைக்குப் போய்வந்த கால்வலி தீராமல்தான் பாதிப் பேர் வேலைக்கு வந்திருந்தார்கள். பினாங்கின் பெருநிலப் பக்கம், புக்கிட் மின்யாக்கில் நான் அப்போது வேலை பார்த்த பட்டறையில், ஒரு வெர்ட்டிகல் சிஎன்சி மெஷினில் (கணினிக் கட்டளைப்படி உலோகம் வெட்டுவது) அலுமினியத் தட்டுகள் ஓடிக்கொண்டிருந்தன. பத்தரை மணி தே தாரிக் (தேநீர்) இடைவேளைக்குள் 48 தட்டுகள். கியூசி (தரச் சோதனை) அறையில் டயல் வைத்துப் பார்த்தபோது அதில் 31 ரிஜெக்ட்.

போய்ப் பார்த்தால் டவர் லைட்டில் (மெஷின் மேலிருக்கும் நிற விளக்குக் கம்பம்) மஞ்சள் எரிந்துகொண்டிருக்கிறது. பஸ்ஸர் மேல் மூன்று சுற்று கறுப்பு டேப். "அது எப்பவும் கத்தும்ணே, அதான் ஒட்டி வச்சோம்" என்றான் ஆப்பரேட்டர் தம்பி. மஞ்சள் எரிந்தது கூலண்ட் தொட்டியில் மட்டம் குறைந்ததற்காக. ஜாப் (மெஷினில் வெட்டும் பாகம்) கெட்டதோ, அதைப் பிடித்து நிறுத்தும் ஃபிக்ஸ்சரின் பேட் மேல் ஒட்டிக்கொண்ட நகக்கண் அளவு சில்லு ஒன்றால். அதைச் சொல்ல அந்த மெஷினில் எதுவுமே இல்லை.

மெஷினோடு சேர்ந்து வரும் அலாரங்கள் எல்லாம் மெஷினைக் காப்பாற்ற வந்தவை. ஆக்சிஸ் எல்லை தாண்டினால் கத்தும். சர்வோவுக்குச் சுமை ஏறினால், லூப் ஆயில் தீர்ந்தால், காற்றழுத்தம் இறங்கினால் கத்தும். உங்கள் ஜாப் 0.05 மில்லிமீட்டர் சாய்ந்து உட்கார்ந்திருப்பது அதற்குத் தெரியவே தெரியாது. ஜாபைக் காக்கும் அலாரத்தை நாமேதான் கட்டிக்கொள்ள வேண்டும். எப்படிக் கட்டுவது என்று படிப்படியாகச் சொல்கிறேன். செமிகண்டக்டர் கருவிகளுக்குப் பாகம் செய்யும் நடுத்தரப் பட்டறைகளை மனதில் வைத்து எழுதுகிறேன். பிறை, சிம்பாங் அம்பாட், பாயான் லெப்பாஸ் பக்கம் இருப்பவர்களுக்கு இதில் பாதி ஏற்கெனவே பட்டுத் தெரிந்ததாக இருக்கும்.

படி 1: ரிஜெக்ட் பெட்டியைக் கிளறுங்கள்

சென்சார் விலைப்பட்டியலை மூடி வையுங்கள். இரண்டு வாரத்துக்கு ஒவ்வொரு கெட்ட ஜாபுக்கும் ஒரு வரி எழுதுங்கள்: எந்த அளவு தப்பியது, எந்த டூல், எத்தனை மணி, காரணம் என்ன. காரணங்களைச் சேர்த்துப் பார்த்தால் பெரும்பாலும் ஐந்து குவியல்தான் விழும். ஜாப் சரியாக உட்காரவில்லை. டூல் தேய்ந்தது அல்லது ஒடிந்தது. ஆஃப்செட்டில் (டூலின் அளவுக்கேற்ப மெஷினில் பதியும் திருத்த எண்) தப்பான எண்ணை அடித்தார்கள். வெப்பத்தில் அளவு நகர்ந்தது. அளந்தவரே தப்பாக அளந்தார்.

எந்தக் குவியல் பெரிதோ அங்கேதான் முதல் அலாரம். மற்றவை காத்திருக்கட்டும்.

ஒவ்வொரு அலாரத்துக்கும் வாங்குவதற்கு முன்பே ஒரு தாளில் மூன்று பதில் எழுதிவிடுங்கள். என்ன நடந்தால் அது எரியும்? யார் வருவார்? வந்தவர் என்ன செய்வார்? மூன்றாவது கேள்விக்கு "பார்த்துக்கொள்வார்" என்பதைத் தவிர வேறு பதில் வரவில்லையா, அந்த அலாரத்தை வாங்காதீர்கள்.

படி 2: வெட்டுவதற்கு முன், ஜாப் உட்கார்ந்ததா?

இதற்கு நான் மற்ற எதையும்விட அதிக இடம் கொடுப்பேன். வெட்டத் தொடங்கும் முன்பே நிறுத்தும் அலாரத்துக்குச் செலவு ஒரே ஒரு மெஷின் நிறுத்தம்தான், ஜாப் கெடுவதில்லை.

120 மில்லிமீட்டர் நீளத் தட்டு ஒன்றின் ஒரு முனைக்கு அடியில் 0.06 மில்லிமீட்டர் சில்லு இருந்தால், மேல் முகத்தை நீங்கள் எவ்வளவு நேர்த்தியாக மில்லிங் செய்தாலும் அடி முகத்துக்கு இணையாக வராது. முனைக்கு முனை 0.06 தப்பும். டிராயிங் கேட்பது 0.02. டூலில் குறையில்லை, மெஷினில் குறையில்லை, புரோகிராமிலும் குறையில்லை. ஜாப் மட்டும் குப்பை.

இதற்கு ஏற்ற சாதனம் காற்றால் இடைவெளி பார்க்கும் சீட்டிங் சென்சார். ஜாப் உட்காரும் பேடின் நடுவில் ஒன்று, ஒன்றரை மில்லிமீட்டர் துளை போட்டு, அழுத்தம் சீராக்கிய காற்றை அதன் வழியே விடுவார்கள். ஜாப் ஒட்ட உட்கார்ந்தால் காற்றுக்கு வழி அடைபட்டுப் பின்னழுத்தம் ஏறும். அடியில் சில்லு இருந்தால் காற்று கசிந்து அழுத்தம் இறங்கும். அந்த வித்தியாசத்தை வைத்துச் சில நூறில் ஒரு பங்கு மில்லிமீட்டர் இடைவெளியைக்கூடப் பிடித்துவிடலாம்.

எல்லையை அமைக்க ஃபீலர் கேஜ் (கனம் குறித்த மெல்லிய தகடு) இலை போதும். சுத்தமான மாஸ்டர் ஜாபை வைத்துக் கிளாம்ப் செய்து, சென்சார் காட்டும் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு ஒரு பேடுக்கும் ஜாபுக்கும் நடுவே 0.03 இலையை, துளையை மூடாமல் ஓரமாகச் செருகிக் கிளாம்ப் செய்யுங்கள். இப்போது வரும் எண் வேறாக இருக்கும். இரண்டுக்கும் நடுவில் எல்லையை வையுங்கள். பத்து முறை மாற்றி மாற்றிச் செய்து பாருங்கள். பத்தும் சரியாக வர வேண்டும். ஒவ்வொரு பேடுக்கும் இதைத் தனியாகச் செய்ய வேண்டும். ஒரு பேடில் எடுத்த எண்ணை எல்லாவற்றுக்கும் போட்டால் பாதி நேரம் பொய்யாகக் கத்தும்.

நம் ஊரில் இதற்கு ஒரு தனிப் பகை உண்டு: ஈரம். கம்ப்ரஸர் இழுக்கும் காற்றிலேயே தண்ணீர் நிறைந்திருக்கிறது. டிரையர் சரியில்லாவிட்டால் குழாயில் நீர் கோத்து, மழை பெய்யும் மதியங்களில் சென்சார் கிறுக்குப் பிடித்ததுபோல் நடந்துகொள்ளும். சென்சாருக்கு முன்னால் ஃபில்டரும் தானாக வடியும் டிரெயினும் வையுங்கள். தினமும் காலையில் டாங்க் அடியில் இருக்கும் வால்வைத் திறந்து நீரை இறக்கச் சொல்லுங்கள். இதைச் செய்யாமல் சென்சாரை மாற்றிக்கொண்டே இருந்த ஓரிடம் எனக்குத் தெரியும்.

சென்சார் விளக்கு எரிந்தால் மட்டும் போதாது. அதன் வெளியீடு சைக்கிள் ஸ்டார்ட்டைத் தடுக்க வேண்டும். ஆப்பரேட்டர் பச்சைப் பொத்தானை அழுத்தினாலும் ஸ்பிண்டில் (டூலைச் சுழற்றும் தண்டு) சுற்றக் கூடாது.

காற்று சென்சாருக்குக் காசு இல்லை, மெஷினில் டச் புரோப் (ஜாபைத் தொட்டு இடம் சொல்லும் ஊசி) மட்டும் இருக்கிறது என்றால் அதையே பயன்படுத்தலாம். கான்கார்டு விமானத்தின் ஒலிம்பஸ் எஞ்சினில் மெல்லிய குழாய்களை அளக்க முடியாமல் திணறியபோது, 1970களின் தொடக்கத்தில் டேவிட் மெக்மர்ட்ரி கண்டுபிடித்த கருவி அது. அதை வைத்துத்தான் 1973இல் ரெனிஷா நிறுவனம் பிறந்தது. ஒருமுகமாகத் தொட்டால் ஏறக்குறைய ஒரு மைக்ரானுக்குள் அதே இடத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லும். கிளாம்ப் செய்தபின், முன்பே முடித்துவைத்த முகத்தில் மூன்று மூலைகளைத் தொடச் செய்யுங்கள். உயரங்களுக்கு நடுவே 0.02க்கு மேல் வித்தியாசம் இருந்தால் மேக்ரோவில் (புரோகிராமுக்குள் எழுதும் நிபந்தனை வரிகள், படி 3இல் வரும்) நிறுத்திவிடுங்கள். அறுத்த மேனிக்கே இருக்கும் கரடுமுரடான முகத்தில் இது எடுபடாது.

படி 3: மேக்ரோ அலாரம், காசில்லாத காவல்காரன்

ஃபானுக் கண்ட்ரோலரில் (மெஷினை இயக்கும் கணினி) கஸ்டம் மேக்ரோ திறந்திருந்தால், நிபந்தனை வரிக்குப் பின் #3000=1 என்று எழுதி அடைப்புக்குறிக்குள் ஒரு குறுஞ்செய்தி கொடுங்கள். நிபந்தனை தப்பினால் மெஷின் 3001 என்ற எண்ணோடு அலாரம் அடித்து நின்றுவிடும். ரீசெட் செய்யாமல் நகராது. #3006 என்று எழுதினால் செய்தியைக் காட்டி நிற்கும், சைக்கிள் ஸ்டார்ட் அழுத்தினால் தொடரும். "பார்த்துவிட்டுப் போ" என்பதற்கு 3006, "செட்டர் (மெஷினை அமைப்பவர்) வராமல் தொடாதே" என்பதற்கு 3000.

செய்தியை மலாயில் சுருக்கமாக எழுதுங்கள். நம் பையன்கள், நேப்பாள், வங்காளதேசப் பையன்கள் எல்லாருக்கும் பொதுவாக அதுதான் ஓடுகிறது. "பாங்கில் செட்டர்" (செட்டரைக் கூப்பிடு) என்று திரையில் வந்தால் எல்லாருக்கும் புரியும். நான் ஒரு காலத்தில் நீளமாக ஆங்கிலத்தில் எழுதி வைத்தேன். யாரும் படிக்கவில்லை.

இதன் நல்ல பயன் ஆஃப்செட் காவல். 0.05 கூட்ட நினைத்து 0.5 கூட்டுவது, கூட்டும் பொத்தானுக்குப் பதில் நேரே பதியும் பொத்தானை அழுத்துவது இரண்டும் ராத்திரி ஷிஃப்டில் சகஜம். புரோகிராமின் தலைப்பிலேயே ஒவ்வொரு டூலின் வியர் ஆஃப்செட்டையும் (தேய்மானத் திருத்தம்) படித்து, 0.2க்கு மேல் இருந்தால் நிற்கச் செய்யுங்கள். பத்து வரி வேலை. ஒரு டூல் ஹோல்டர் போய் மோதுவதைத் தடுத்தாலே அந்தப் பத்து வரிக்கு அள்ளிக் கொடுத்த மாதிரி.

படி 4: வெட்டும்போது

ஸ்பிண்டில் லோடைக் கவனிக்கும் கருவி தனியாகவும் வரும், பல கண்ட்ரோலர்களுக்குள்ளும் இருக்கும். புது இன்சர்ட் (டூலில் மாற்றிப் பொருத்தும் வெட்டுமுனை) போட்டு 20, 30 ஜாப் ஓட்டி, ஒவ்வொரு டூலுக்கும் வழக்கமான லோடு எவ்வளவு என்று அதற்குப் பழக்குங்கள். பிறகு இரண்டு எல்லை: கீழ் எல்லையில் மஞ்சள், இன்சர்ட்டைத் திருப்ப நேரம் வந்தது என்பதற்கு, மேல் எல்லையில் சிவப்பு, உடனே ஃபீட் ஹோல்ட் (டூல் நகர்வை நிறுத்துவது). டூல் ஜாபுக்குள் நுழையும் நொடியில் லோடு ஒரு துள்ளு துள்ளும், அதற்கு அலாரம் அடிக்காமல் இருக்க அரை நொடி தாமதம் கொடுங்கள்.

ஒன்று சொல்ல வேண்டும். சின்ன டிரில்லுக்கு இது உதவாது. 15 கிலோவாட் ஸ்பிண்டிலுக்கு ஒரு மில்லிமீட்டர் டிரில் வெட்டுவது யானை முதுகில் கொசு உட்கார்ந்த மாதிரி. அங்கே ஊசி திரும்பித் தொட்டுப் பார்க்கும் பிரேக் டிடெக்டரோ லேசர் டூல் செட்டரோ வேண்டும். துளை போட்டு முடித்ததும் டிரில் முழு நீளம் இருக்கிறதா என்று பார்த்த பிறகே டேப் (துளைக்குள் மரை வெட்டும் டூல்) உள்ளே போகட்டும். இல்லாவிட்டால் ஒடிந்த டிரில் அடைத்த துளையில் டேப்பும் ஒடியும். அதை எடுக்க ஸ்பார்க் மெஷின்காரரைத் தேடிப் போக வேண்டும்.

படி 5: வெப்பம்

அளவுக்கான உலகப் பொது வெப்பநிலை 20 டிகிரி. ஐஎஸ்ஓ 1 என்ற தரமே அதற்காக இருக்கிறது. நம் பட்டறையோ மதியம் 31. அலுமினியம் ஒரு மீட்டருக்கு ஒரு டிகிரிக்கு ஏறக்குறைய 23 மைக்ரான் நீளும், எஃகு 11 முதல் 12. கணக்குப் போடுங்கள்: 300 மில்லிமீட்டர் அலுமினியப் பாகம், 11 டிகிரி வித்தியாசம், 76 மைக்ரான். மெஷின் பக்கத்தில் அளந்து சரி என்றது, ஏர்கான் போட்ட கியூசி அறையில் இரண்டு மணி நேரம் கிடந்தபின் குட்டையாகிவிடுகிறது. அதற்காக ஆப்பரேட்டரும் கியூசி அக்காவும் சண்டை போட்டதை நான் பார்த்திருக்கிறேன். இருவர் சொன்னதும் உண்மைதான்.

பட்டறை முழுவதையும் 20 டிகிரிக்குக் குளிர்விக்க யாராலும் முடியாது. அலாரத்தை வித்தியாசத்துக்கு வையுங்கள். கூலண்ட் தொட்டியில் ஒரு சென்சார், மெஷின் பெட்டில் ஒரு சென்சார், இரண்டுக்கும் நடுவே 3 டிகிரிக்கு மேல் போனால் மஞ்சள். லோடிங் கதவைத் திறந்து வைத்து மழைக்காற்று உள்ளே அடித்தால் முதலில் காட்டிக்கொடுப்பது இதுதான்.

அதைவிட நேரடியானது டேட்டம் வளையம். மேஜை ஓரத்தில் அரைத்த எஃகு வளையம் ஒன்றைப் பொருத்தி, பத்து ஜாபுக்கு ஒருமுறை புரோபால் தொடச் செய்யுங்கள். காலையில் இருந்த இடத்திலிருந்து 8 மைக்ரான் நகர்ந்தால் மஞ்சள். 15 நகர்ந்தால் நிறுத்தம். இந்த எண்கள் என் ஜாபுக்கு ஒத்து வந்தவை. உங்கள் டாலரன்ஸ் (டிராயிங் அனுமதிக்கும் அளவு வித்தியாசம்) இறுக்கம் என்றால் இன்னும் குறையுங்கள்.

அப்புறம், விடுமுறை. தைப்பூசம், தீபாவளி, சீனப் பெருநாள் எல்லாவற்றுக்கும் பிறகு மெஷின் முழுக்கக் குளிர்ந்து கிடக்கும். ஸ்பிண்டில் சில மணி நேரத்துக்கு மேல் நின்றிருந்தால், வார்ம்-அப் புரோகிராம் ஓடி முடியும்வரை ஜாப் புரோகிராமைத் திறக்க விடாத டைமர் ஒன்று போடுங்கள். நானே சில சமயம் அதைத் தாண்டிப் போகப் பார்த்து அதனிடம் மாட்டிக்கொண்டிருக்கிறேன்.

படி 6: வெட்டிய பின், எல்லையை எங்கே வைப்பது

விளக்கு எரியும் டிஜிட்டல் கேஜும் ஏர் கேஜும் எல்லாப் பட்டறையிலும் இருக்கின்றன. பலரும் செய்யும் தப்பு, டிராயிங்கில் உள்ள டாலரன்ஸையே அலாரம் எல்லையாகப் போடுவது. அப்படிப் போட்டால் அலாரம் அடிக்கும்போது கையில் இருப்பது ஏற்கெனவே ரிஜெக்ட்.

டாலரன்ஸ் கூட்டல் கழித்தல் 0.015 என்று வைத்துக்கொள்வோம். நன்றாக ஓடும் 50 ஜாபை அளந்து ஸ்டாண்டர்ட் டீவியேஷன் (அளவுகள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறுகின்றன என்ற கணக்கு) பாருங்கள், 0.003 வந்தால் அதன் மூன்று மடங்கு 0.009. மஞ்சளை 0.009இல் வையுங்கள். சிவப்பை 0.012இல் வையுங்கள், மீதி 0.003 கேஜின் தடுமாற்றத்துக்கு. 50 ஜாபிலேயே மூன்று மடங்கு டாலரன்ஸைத் தாண்டினால், முதலில் மெஷினையும் ஃபிக்ஸ்சரையும் பாருங்கள். அலாரம் வைத்து அதைச் சரிசெய்ய முடியாது.

இந்த மூன்று மடங்குக் கணக்கு பெல் குழுமத்தின் வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் நிறுவனத்தில் இருந்த வால்டர் ஷூஹார்ட் 1924இல் தொடங்கி வைத்தது. அதே 1924இல்தான் ஜப்பானில் சகிச்சி தொயோதா, நூல் அறுந்தால் தானே நின்றுவிடும் தானியங்கித் தறியை முடித்தார். ஒருவர் எப்போது சந்தேகப்பட வேண்டும் என்று சொன்னார், மற்றவர் சந்தேகம் வந்ததும் நிற்க வைத்தார். நாம் இன்று செய்வது இந்த இரண்டையும் ஒரே மெஷினில் சேர்ப்பதுதான்.

ஆனால் மூன்று மடங்கில் வைத்தாலும், எந்தக் குறையும் இல்லாமலே சராசரியாக 370 அளவுக்கு ஒருமுறை மஞ்சள் எரியும். அதற்கு உடனே ஆஃப்செட்டைத் திருகக் கூடாது. அடுத்த ஜாபையும் அளக்கட்டும். அதுவும் அதே பக்கம் போனால் திருத்துங்கள். ஒவ்வொரு ஜாபுக்கும் இரண்டு மைக்ரான் ஏற்றி இறக்கிக்கொண்டிருக்கும் சுறுசுறுப்பான ஆப்பரேட்டரால் அளவு நிலைப்பதற்குப் பதில் இன்னும் ஆடும். மஞ்சள் எரியாவிட்டாலும் எட்டு அளவு தொடர்ந்து நடுக்கோட்டின் ஒரே பக்கம் விழுந்தால், டூல் தேய்கிறது, போய்ப் பாருங்கள்.

படி 7: விளக்கும் சத்தமும்

ஐஇசி 60204-1 என்ற தரத்தில் நிறங்களுக்குப் பொருள் இருக்கிறது: சிவப்பு ஆபத்து, மஞ்சள் வழக்கம் தப்பியது, பச்சை வழக்கம்போல், நீலம் ஆள் வந்து ஏதோ செய்தாக வேண்டும். படி 6இல் சொன்ன மஞ்சளும் சிவப்பும் கேஜில் எரிபவை; டவர் லைட்டில் அளவு அலாரத்துக்கு நான் நீலத்தை எடுத்துக்கொள்கிறேன். கூலண்ட் மஞ்சளோடு கலந்துவிட்டால் என்ன ஆகும் என்று அந்தத் தைப்பூசத்துக்கு மறுநாளே பார்த்தாயிற்று.

சத்தத்தை நம்பாதீர்கள். ஐஎஸ்ஓ 7731 தரப்படி எச்சரிக்கை ஒலி சுற்றுச் சத்தத்தைவிட 15 டெசிபலாவது கூடுதலாக இருக்க வேண்டும். 82 டெசிபல் பட்டறையில் 97 வைத்துக் கத்தவிட்டால் யாராவது டேப் ஒட்டத்தான் செய்வார்கள். காதில் அடைப்பான் வேறு. மெஷின் நின்றுவிட்டால் சத்தமே தேவையில்லை. ஓடாத மெஷினை எந்த சூப்பர்வைசரும் தூரத்திலிருந்தே பார்த்துவிடுவார்.

படி 8: வயரிங்

சென்சார்கள் 24 வோல்ட் டிசியில் ஓடுபவை. வாங்கும் முன் கண்ட்ரோலரின் உள்ளீடு என்பிஎன்னா பிஎன்பியா (சென்சார் சிக்னல் தரும் இரண்டு வகைகள்) என்று பாருங்கள். ஜப்பான் மெஷின்களில் பெரும்பாலும் முதலாவது, ஐரோப்பிய மெஷின்களில் இரண்டாவது. மாற்றி வாங்கினால் வேலை செய்யாது.

இணைப்பை எப்போதும் "சரி" என்ற நிலையில் சிக்னல் வரும்படி அமையுங்கள். கேபிளைச் சில்லு அறுத்தாலோ எலி கடித்தாலோ சிக்னல் போய் மெஷின் நிற்கும். தலைகீழாக அமைத்தால் அறுந்த கேபிள் "எல்லாம் நலம்" என்று சொல்லிக்கொண்டிருக்கும். மின்னலுக்குப் பேர்போன ஊர் நம்முடையது. பவர் சப்ளைக்கு முன் சர்ஜ் அரஸ்டர் போடுங்கள். எமர்ஜென்சி ஸ்டாப், கதவு இன்டர்லாக் ஆகிய பாதுகாப்புச் சர்க்யூட்டில் இதற்காக ஒரு வயரைக்கூடத் தொடக் கூடாது. பேனலுக்குள் கை வைப்பது உரிமம் உள்ள வயர்மேனின் வேலை.

படி 9: சிவப்பு ஜாப்

அலாரம் வேலை செய்கிறதா என்பதை நிஜ ரிஜெக்ட் வந்துதான் தெரிந்துகொள்ள வேண்டும் என்றில்லை. வேண்டுமென்றே கெட்ட ஜாப் இரண்டு செய்து சிவப்புப் பெயிண்ட் அடியுங்கள். ஒன்றில் அடி முகத்தில் 0.04 படி ஒன்று இருக்கட்டும். இன்னொன்றில் துளை 0.013 பெரிதாக இருக்கட்டும். திங்கட்கிழமை காலை வார்ம்-அப் முடிந்ததும் முதலாவதைக் கிளாம்ப் செய்து சைக்கிள் ஸ்டார்ட் அழுத்த வேண்டும். மெஷின் மறுக்க வேண்டும். இரண்டாவதைக் கேஜில் வைத்தால் சிவப்பு எரிய வேண்டும். எரியாவிட்டால் அன்றைக்கு ஓட்டமில்லை.

மெஷின் பக்கத்தில் ஒரு நோட்டுப் புத்தகம்: நேரம், எந்த அலாரம், என்ன செய்தீர்கள். மாதக் கடைசியில் புரட்டுங்கள். ஒரே அலாரத்துக்கு நேராக "ஒன்றும் செய்யவில்லை" என்று மூன்று முறை இருந்தால், எல்லையை மாற்றுங்கள் அல்லது அதைக் கழற்றி எறியுங்கள். நாங்கள் ஆறு மாதத்தில் நான்கு அலாரங்களை எடுத்துவிட்டோம். அதன்பின் பஸ்ஸரில் யாரும் டேப் ஒட்டவில்லை.

சிவப்பு ஜாபை ஃபிக்ஸ்சர் பக்கத்திலேயே கொக்கியில் மாட்டி, செய்த தேதியை அதன்மேல் பொறித்து வையுங்கள். அலுமினியம் என்றால் வாரா வாரம் கிளாம்ப் பட்டு அந்த 0.04 படி நசுங்கிக்கொண்டே வரும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை கியூசிக்கு அனுப்பி அளந்து, 0.03க்குக் கீழே போயிருந்தால் புதிதாக ஒன்று வெட்டிக்கொள்ளுங்கள்.